பால்மரமும் பேட்டரியும்



ஜுரு வட்டாரத்தில் நம்மில் மூத்தவர்களைக் கேட்டால் ஒரு காட்சியைச் சொல்வார்கள். தோட்டம் முழுமைக்கும் ஒரே ஒரு டெலிபோன். அது ஆபீசில், கிராணியாரின் மேசைமேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். லயத்தில் ஒரு பெண்ணுக்கு நடு இரவில் பிரசவ வலி கண்டாலும், பால் வெட்டப் போனவரைப் பாம்பு தீண்டினாலும், யாராவது ஒருவர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கிராணியார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் சாவியோடு வந்து ஆபீசைத் திறந்து, ஆஸ்பத்திரிக்குச் சொல்லி ஆம்புலன்சை வரவழைப்பார்.

வெளியே காற்றும் மழையும் இடியுமாக இருக்கும். மரம் விழுந்து மின்சாரம் நின்றிருக்கும். லயமும் ஆபீசும் பட்டணத்துத் தெருவிளக்குகளும் இருண்டு கிடக்கும். ஆனால் டெலிபோனைக் கையில் எடுத்தால் அது மட்டும் உயிரோடு இருக்கும். எல்லா விளக்கும் அணைந்த இரவில் டெலிபோனுக்கு மட்டும் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

அதற்கு விடை ஒரே சொல்: பேட்டரி. பள்ளிப் புத்தகத்தில் இதை மின்கலம், மின்கல அடுக்கு என்று படிக்கிறோம். அந்தப் பேட்டரி எப்படி வந்தது, அதைச் சாகவிடாமல் காக்க மனிதர்கள் என்ன பாடு பட்டார்கள், எங்கே தவறினார்கள் என்பதை இன்று பார்ப்போம். இது நமக்கு அந்நியமான கதையல்ல. பால்மரம் வெட்டிய கைகளுக்கு மற்றவர்களைவிட எளிதில் விளங்கக்கூடிய கதை.

கதையைச் சென்னைக் கடற்கரையிலிருந்து தொடங்குவோம். நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்குக்கு வந்த காலத்தில், ஊரிலிருந்து ஒரு செய்தி வரவேண்டுமானால் அதுவும் கப்பலில்தான் வரவேண்டும். பல நாட்கள் பிடிக்கும். 1870-71இல் அந்த நிலை மாறியது. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் என்ற தந்திக் கம்பெனி, சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியாகப் பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிளைப் போட்டு முடித்தது. பல நாள் பயணம் செய்த செய்தி சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. சர்க்காருக்கும் வணிகர்களுக்கும்தான் அது முதலில் பயன்பட்டது. கூலிக்கு வந்தவர்கள் தந்தி கொடுக்கும் நிலையில் இல்லை. என்றாலும் தமிழ்நாட்டையும் இந்த மண்ணையும் இணைத்த முதல் மின்கம்பி அதுவே.

அந்தக் கேபிளுக்குள் இருந்த செப்புக் கம்பியைக் கடல் நீர் தீண்டாமல் காத்தது எது? ஒரு மரத்தின் பால். மலாயாக் காடுகளில் வளர்ந்த கெத்தா பெர்ச்சா மரத்தின் பால். கெத்தா என்றால் பால், பிசின் என்பது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடல் நீரில் கெடாத இந்தப் பொருளே உலகம் முழுவதும் கடலடிக் கேபிள்களுக்கு உறையாகியது. அதன் பிறகு நடந்ததுதான் பரிதாபம். ரப்பர் மரத்தைப்போல் அந்த மரத்தைக் கீறினால் பால் தாராளமாக வடியாது. ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையைச் சுற்றிலும் கீறிப் பாலை எடுத்தார்கள். ஒரு பெரிய மரத்திலிருந்து கிடைத்தது மிகச் சிறிதளவே. சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூரைச் சுற்றியும் மலாயாவின் பல பகுதிகளிலும் அந்த மரங்கள் காணாமற்போயின. கடைசிச் சொட்டு வரை எடுத்தவர்களுக்கு அடுத்த ஆண்டு எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ரப்பர் வந்தபோது அந்தத் தவறு திருத்தப்பட்டது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் ஒரே காயத்தின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்பதை 1890-களில் காட்டினார். செபராங் பிறையில் கரும்பு பயிரிட்ட தோட்டங்கள் பிற்காலத்தில் ரப்பருக்கு மாறின. நம் பாட்டனும் பாட்டியும் உளியைப் பிடித்தார்கள். உளி ஆழமாக இறங்கிப் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிருள்ள பகுதியைக் காயப்படுத்தினால், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு பாலே வராமல் போகும். இதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்த அறிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் கதையும் இதேதான்.

பேட்டரியை முதலில் செய்தவர் இத்தாலி நாட்டு வோல்டா. ஆண்டு 1800. 1836இல் இங்கிலாந்தின் டேனியல், நீண்ட நேரம் சீராக மின்சாரம் தரும் கலத்தைச் செய்தார். தந்தி நிலையங்கள் அதை அன்போடு ஏற்றுக்கொண்டன. 1866இல் பிரான்சின் லெக்லான்ஷே செய்த கலம், பின்னாளில் நாம் டார்ச் லைட்டிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் போட்ட உலர் கலத்துக்கு மூதாதை. இவற்றுக்கெல்லாம் ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் உலோகம் தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. புதிதாகப் பொருள் போடவேண்டும், அல்லது தூக்கி எறியவேண்டும்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் காஸ்டன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். 1859இல் அவர் இரண்டு ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினார். பிறகு அதே தகடுகள் அந்த மின்சாரத்தைத் திருப்பித் தந்தன. தீர்ந்தால் மறுபடியும் நிரப்பலாம். 1881இல் காமில் ஃபோர் என்பவர் தகட்டின்மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கண்டார். பேட்டரி அதிக மின்சாரத்தைத் தாங்கியது, தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும் முடிந்தது. இன்று லாரியிலும் காரிலும் இருக்கும் பேட்டரி இதன் வாரிசுதான்.

இந்த இடத்தில் ரப்பர் மீண்டும் கதைக்குள் வருகிறது. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கருங்காலிக் கட்டைபோல் கெட்டியான எபோனைட் கிடைக்கும். அமிலம் அதை அரிக்காது, மின்சாரம் அதில் பாயாது. பிளாஸ்டிக் பெட்டிகள் பரவும்வரை பல பத்தாண்டுகள் பேட்டரியின் கறுப்புப் பெட்டி இந்தக் கெட்டி ரப்பரால் செய்யப்பட்டது. பால்மரத்துப் பால், பீங்கான் கோப்பையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போய், ஏதோ ஒரு நாட்டில் பேட்டரிப் பெட்டியாக மாறியது. நமக்கு அது தெரியாமலே போயிற்று.

இனி டெலிபோனுக்கு வருவோம். தொடக்க கால டெலிபோனில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுழற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். பேச்சுக்கு வேண்டிய மின்சாரம் டெலிபோன் பெட்டிக்குள்ளோ அதன் பக்கத்திலோ இருந்த கலங்களிலிருந்து வந்தது. கலம் தீர்ந்தால் ஆள் வந்து மாற்றவேண்டும். ஊரெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்க் கலம் மாற்றுவது முடிகிற காரியமா? ஆகவே 1890-களில் அமெரிக்காவில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. எல்லாப் பேட்டரியையும் டெலிபோன் நிலையத்திலேயே ஓர் அறையில் வைத்து, அங்கிருந்து கம்பி வழியாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மின்சாரம் அனுப்பினார்கள். உலகமெங்கும் இந்த முறை பரவியது. மலாயாவிலும் அப்படித்தான். போருக்குப் பின் 1946இல் தனி இலாகாவாகி, 1987 ஜனவரி 1இல் கம்பெனியாக மாறிய நம் டெலிகோம் நிலையங்களிலும் பேட்டரி அறை இருந்தது. தோட்டம் இருண்டபோதும் ஆபீஸ் டெலிபோன் பேசியதற்குக் காரணம் அந்தத் தொலைவு அறையே.

அந்த அறையைச் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். இரண்டு வோல்ட் கலங்கள் 24 வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். 24-ஐ இரண்டால் பெருக்கினால் 48 வோல்ட். உலகத்தின் டெலிபோன் நிலையங்களில் பெரும்பாலானவை இந்த 48 வோல்ட்டில்தான் ஓடின, இன்றும் ஓடுகின்றன. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நேர்முனையைப் பூமியோடு இணைத்து, எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுப்பார்கள். இப்படிச் செய்தால் மண்ணுக்கடியில் ஈரத்தில் கிடக்கும் செப்புக் கம்பி அரிக்கப்படுவது குறையும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நிலையத்தையும் ஓட்டிக்கொண்டு, பேட்டரியையும் எப்போதும் நிரம்பியே வைத்திருக்கும். அப்போது ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 2.25 வோல்ட், மொத்தம் 54 வோல்ட் இருக்கும். மின்சாரம் நின்றால் ஒரு நொடி இடைவெளியும் இல்லாமல் பேட்டரி சுமையை ஏற்றுக்கொள்ளும். பிறகு டீசல் இன்ஜினை ஓட்டலாம். பேட்டரியின் வேலை, உதவி வரும்வரை தாக்குப்பிடிப்பது.

உதவி வரத் தாமதமானால் என்ன ஆகும்? அதுதான் இன்றைய பேச்சின் மையம்.

பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது உள்ளே ஒரு மாற்றம் நடக்கிறது. 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கிலேயர்கள் அதை விளக்கினார்கள். இரு பக்கத் தகடுகளும் மெல்ல மெல்ல ஈய சல்பேட் என்ற வெண்மையான உப்பாக மாறுகின்றன. அமிலம் தன் கந்தகப் பகுதியைத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் செய்யும்போது இது அப்படியே திரும்பி நடக்கிறது. உப்பு கரைந்து தகடு தகடாகிறது, தண்ணீர் மீண்டும் அமிலமாகிறது.

அளவோடு எடுத்து உடனே நிரப்பினால் தொல்லை இல்லை. அளவு மீறி எடுத்தால் நான்கு கேடுகள் வருகின்றன.

முதலாவது: புதிதாக உண்டான உப்பு மாவுபோல் நைசாக இருக்கும், எளிதில் கரையும். நிரப்பாமல் விட்டுவைத்தால் அது சேர்ந்து இறுகிக் கற்கண்டுபோல் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி செத்ததுதான்.

இரண்டாவது: ஈய சல்பேட் ஈயத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். தகடு உப்பும், பூசிய பசை உதிரும். உதிர்ந்தது அடியில் சேறாகச் சேர்ந்து தகடுகளை ஒன்றோடொன்று தொடவைக்கும்.

மூன்றாவது: அமிலம் வெறும் தண்ணீருக்கு நெருங்கிய நிலைக்கு வந்தால், உப்பு அதில் கூடுதலாகக் கரையும். மீண்டும் சார்ஜ் செய்யும்போது அது மெல்லிய ஈய ஊசிகளாக வளர்ந்து, தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்பைத் துளைக்கும்.

நான்காவது: 24 கலங்களும் ஒரே பலத்தோடு இருப்பதில்லை. ஒரே வரிசையில் கைகோத்து நிற்பவை அவை. மிக மெலிந்தது முதலில் தீரும். மற்ற 23ம் தொடர்ந்து தள்ளும்போது, அந்த ஒன்றில் நேர்முனை எதிர்முனையாகத் தலைகீழாகிவிடும். மெலிந்தவன் முதுகில் எல்லாருடைய மூட்டையையும் ஏற்றியது போன்ற நிலை அது.

ஆகவே பேட்டரிக்கும் ஓர் ஆழம் உண்டு. அதற்குமேல் உளி இறங்கக்கூடாது. கலம் ஒன்றுக்கு 1.75 வோல்ட், அதாவது 24 கலத்துக்கு 42 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சிலர் இன்னும் எச்சரிக்கையாக 43 வோல்ட்டை ஒட்டி நிறுத்துவார்கள். இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஜெர்மானியர் பாய்க்கர்ட் 1897இல் காட்டியபடி, வேகமாக எடுத்தால் பேட்டரி குறைவாகவே தரும், மெதுவாக எடுத்தால் அதிகம் தரும். மெதுவாக எடுக்கும்போது வோல்ட் மீட்டர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே களஞ்சியம் அடிமட்டத்துக்குப் போயிருப்பது தெரியாது. சிறு சுமைதானே என்று இரவு முழுதும் விட்டுவைப்பது, பெரிய சுமையைச் சிறிது நேரம் போடுவதைவிடக் கெடுதலாக முடியலாம். நிதானமாக வடியும் பேட்டரியை இன்னும் முன்கூட்டியே நிறுத்தவேண்டும்.

முற்காலத்தில் இந்தக் காவலை மனிதர்களே செய்தார்கள். கண்ணாடி ஜாடிகளிலும், ஈயத் தகடு பதித்த மரத் தொட்டிகளிலும் கலங்கள் இருக்கும். பணியாளர் அமில மானியை உள்ளே விட்டுப் பார்ப்பார். நிரம்பிய நிலையப் பேட்டரியில் அமிலத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.215 இருக்கும். அது இறங்க இறங்க எவ்வளவு தீர்ந்தது என்று தெரியும். ஒரு கலத்தை மாதிரிக் கலமாக வைத்து அதன் கணக்கை நோட்டில் எழுதுவார்கள். குறைந்த தண்ணீருக்கு வடித்த தண்ணீர் ஊற்றுவார்கள். பேர் தெரியாத அந்தப் பணியாளர்களின் நோட்டுப் புத்தகங்களில்தான் ஊரின் பேச்சு உயிரோடிருந்தது. தபால் தந்தி இலாகாவில் இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் பலர் வேலை பார்த்தார்கள் என்பதும் நம் வரலாற்றின் ஒரு பக்கம்.

பின்னர் இந்தக் காவலைக் கருவி ஏற்றுக்கொண்டது. வோல்ட் குறிப்பிட்ட எண்ணுக்கு இறங்கியதும் ஒரு பெரிய ஸ்விட்ச் தானே விழுந்து, பேட்டரியைச் சுமையிலிருந்து கழற்றிவிடும். சுமை நீங்கியதும் பேட்டரியின் வோல்ட் சற்று மேலே ஏறும். களைத்தவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததும் தெம்பு வந்ததுபோல் தோன்றுமே, அதுபோல. அந்தத் தெம்பை நம்பி மீண்டும் சுமையை ஏற்றினால் உடனே விழுந்துவிடும். ஏற்றுவதும் கழற்றுவதுமாக இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். ஆகவே வெளி மின்சாரம் வந்து வோல்ட் நன்றாக உயர்ந்த பிறகே இணையவேண்டும் என்று அந்த ஸ்விட்சுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு நியாயமான கேள்வி எழும். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே டெலிபோனை வெட்டிவிடுகிறார்களே, அந்த மிச்சத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாமே? கேள்வி சரிதான். ஆனால் நம் ஊரில் விதைநெல்லுக்கு ஒரு முறை உண்டு. பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கக்கூடாது என்பார்கள். அந்த மிச்சத்தையும் எடுத்தால் கிடைப்பது சில நிமிடப் பேச்சு. போவதோ அந்தப் பேட்டரி முழுதும். நாளை இரவு மின்சாரம் நின்றால் தாங்க ஒன்றும் இராது. ஆகவே பொறியாளர்கள் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். சுமையைப் படிப்படியாகக் கழற்றுவது. அதிக மின்சாரம் தின்னும் கருவிகளை முதலில் நிறுத்திவிட்டு, பல ஊர்களின் பேச்சைச் சுமக்கும் இணைப்பைக் கடைசிவரை காப்பது. எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்பது இயந்திரக் கேள்வி மட்டுமல்ல, நீதிக் கேள்வியும் ஆகும்.

உலக வரலாற்றில் இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. இரண்டும் நியூயார்க் நகரத்தில் நடந்தவை.

1965 நவம்பர் 9 மாலை, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஏறத்தாழ மூன்று கோடி மக்களுக்கு மின்சாரம் நின்றது. சில இடங்களில் 13 மணி நேரம்வரை இருள். ரயில்கள் சுரங்கத்தில் நின்றன, மின்தூக்கிகள் பாதிவழியில் நின்றன. டெலிபோன் மட்டும் பேசியது. பேட்டரியும் டீசல் இன்ஜினும் சேர்ந்து அதைத் தாங்கின.

அதே நகரில் 1991 செப்டம்பர் 17 அன்று வேறு கதை. வெயில் கடுமையான நாள். மின் கம்பெனியின் வேண்டுகோளுக்கு இணங்க, ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் கம்பெனியின் பெரிய நிலையம் ஒன்று தன் சொந்த இன்ஜினுக்கு மாறியது. மாறும்போது, மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் கருவிகள் நின்றுவிட்டன. சுமை முழுதும் சத்தமின்றிப் பேட்டரியின்மேல் விழுந்தது. எச்சரிக்கை மணியும் விளக்கும் இருந்தன. கவனிக்க ஆள் இல்லை. அன்றைக்குச் சிலர் எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி வகுப்புக்கே போயிருந்தார்கள். பேட்டரி ஏறத்தாழ ஆறு மணி நேரம் தனியாகச் சுமந்து, மாலையில் தீர்ந்து விழுந்தது. 50 லட்சம் அழைப்புகள் தடைப்பட்டன. விமான நிலையங்களுக்குச் செய்தி போகும் வழியும் அதனோடு அறுந்ததால், நியூயார்க்கின் மூன்று பெரிய விமான நிலையங்களும் தடுமாறின. இருளே இல்லாத நகரத்தில், வெளியே விளக்கெல்லாம் எரியும்போது, டெலிபோன் செத்தது. பேட்டரி இருந்தால் போதாது, அது வடிவதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1992 செப்டம்பர் 29 அன்றும், 1996 ஆகஸ்ட் 3 அன்றும் தீபகற்ப மலேசியா முழுதும் மின்சாரம் நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1996இல் நின்றது ஒரு சனிக்கிழமை மாலை. திரெங்கானுவில் பாக்கா மின் நிலையத்தருகே தொடங்கிய கோளாறு, அங்கிருந்து எத்தனையோ மைல் தள்ளியிருந்த நம் வீட்டு விளக்கையும் அணைத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நாட்டிலுள்ள ஒவ்வொரு டெலிபோன் நிலையமும் தன் பேட்டரியின் தயவிலேயே நிற்கிறது.

2017 நவம்பர் 4 இரவு பினாங்கைத் தாக்கிய புயல்மழையை ஜுரு மக்கள் மறக்க முடியாது. தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16 அன்று, நம் பலருடைய பூர்வீகமான தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளைக் கஜா புயல் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள், சில இடங்களில் வாரங்கள் பிடித்தன. கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரி உள்ளவரை பேசிவிட்டு ஓய்ந்தன. இங்கிருந்து ஊருக்குப் போன் போட்டு, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1870க்கு முன்பு இருந்த மௌனம் சில நாட்களுக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

இப்போது ஒரு முக்கியமான மாற்றத்தைச் சொல்லவேண்டும். பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு மின்சாரமும் அந்தக் கம்பி வழியாகவே வந்தது. இப்போது பல வீடுகளுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதில் போவது ஒளி, மின்சாரம் அல்ல. வீட்டு மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள மோடம் பெட்டியும் நிற்கும், அதோடு இணைந்த டெலிபோனும் நிற்கும். பழைய பழக்கத்தில் 'கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும்' என்று நம்பியிருக்கக்கூடாது. கைப்பேசிக் கோபுரமும் அப்படித்தான். நெடுஞ்சாலையோரம் நாம் பார்க்கும் கோபுரத்தின் அடியிலும் அதே 48 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஆனால் அது பொதுவாகச் சில மணி நேரத்துக்கு மட்டுமே. நம் நாட்டு வெயிலும் அதற்கு எதிரி. 25 பாகை செல்சியஸில் வாழக் கணக்கிட்ட ஈயப் பேட்டரியை எப்போதும் 35 பாகையில் வைத்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். புதிதாக வரும் லித்தியம் பேட்டரிகளிலும் இந்தச் சட்டம் மாறவில்லை. அவற்றை முற்றிலும் வடியவிட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், மீண்டும் சார்ஜ் செய்வதே ஆபத்தாகிவிடும். ஆகவே அவற்றுக்குள்ளேயே ஒரு மின்காவலாளியை வைத்து அனுப்புகிறார்கள்.

நம் வீட்டிலும் இந்த வரலாற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எமர்ஜென்சி விளக்கு மங்கத் தொடங்கினால் அணைத்துவிடுங்கள். மங்கலாவது எரியட்டுமே என்று விடியும்வரை விடாதீர்கள். மின்சாரம் வந்தவுடன் சார்ஜ் போடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அலமாரியில் தூங்கும் விளக்கும் தானாகவே வடியும், மாதம் ஒருமுறை எடுத்து நிரப்புங்கள். கார் விளக்கை அணைக்க மறந்து பேட்டரி படுத்துவிட்டால், தள்ளி ஓட்டிவிட்டோம் என்று நிம்மதியடையாமல் அன்றே முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் கைப்பேசியை நிரப்பிவைத்து, படம் பார்ப்பதை நிறுத்தி, 999-ஐ அழைக்க வேண்டிய நேரத்துக்காகச் சேமியுங்கள். பெரிய கம்பெனி கோபுரத்தில் செய்யும் படிப்படியான கழற்றலை நாம் நம் கையிலேயே செய்யலாம்.

இன்னொன்றும் தாய்மார்கள் கவனிக்கவேண்டும். பழைய பேட்டரியை வீட்டு வாசலில் உடைத்து ஈயம் எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஈயத் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஈயப் பேட்டரி நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட கழிவுப் பொருள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேயர்களே, ஜுருவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. கிராணியார் மேசையில் இருந்த கறுப்பு டெலிபோன் போய், ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்டது. நடு இரவில் ஓடிப் போய்க் கதவைத் தட்டவேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்த இரவின் தேவை அப்படியே இருக்கிறது. ஒரு குரல் மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும். அதைக் கொண்டுபோவது இன்றும் எங்கோ ஓர் அறையில், ஒரு கோபுரத்தின் அடியில், வடியாமல் காக்கப்பட்ட பேட்டரிதான்.

கெத்தா பெர்ச்சா மரத்தைக் கடைசிச் சொட்டுக்காகச் சாய்த்தார்கள், காடு வெறுமையானது. பால்மரத்துக்கு ஆழம் பார்த்து, ஓய்வு கொடுத்து வெட்டினார்கள், அது மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை நம் பாட்டிமார் விடியற்கால இருளில், தலைவிளக்கின் ஒளியில், உளியின் நுனியால் அறிந்திருந்தார்கள். பொறியாளர்கள் அதையே வோல்ட் மீட்டரில் கண்டார்கள்.